காளானைக் காப்பதும் கைவிடுவதும்

நமது ஊர்ச் சந்தைகளில் காளான் இப்போது புதுமையான பொருளன்று. கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் பக்கத்தில், துளையிட்ட பொலித்தீன் பைகளில் 200 கிராம் அளவாக அடைக்கப்பட்ட சிப்பிக் காளானைப் பல மரக்கறிக் கடைகளில் காண்கிறோம். இறைச்சி வாங்க முடியாத வாரத்தில் அது கறியாகிறது. விருந்தினர் வரும் நாளில் கட்லட்டாகிறது. நோன்பு காலத்தில் சூப்பாகிறது.

மனையியல் பாடம் கற்பிக்கும் எனக்கு மாணவியரிடமிருந்து வரும் கேள்விகளுள் காளானைச் சமைப்பது பற்றியவை குறைவு. அதை வைத்திருப்பது பற்றியவைதான் அதிகம். "டீச்சர், ஓரம் கொஞ்சம் கபில நிறமாகிவிட்டது, சமைக்கலாமா?" "வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, கழுவினால் போதுமா?" "எப்படியிருந்தாலும் நன்றாக வேகவைத்தால் சரிதானே?" இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. அதற்கு நான் கூறும் விடை, "சரியல்ல" என்பதே. அடுப்பு காளானைச் சமைக்கும். கெட்டுப்போன காளானை நல்ல காளானாக மாற்றாது. இந்த ஒன்றை மாணவியரும் பெற்றோரும் காரணத்தோடு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பறித்த பின்னும் சுவாசிக்கும் உணவு

காளான் தாவரமன்று, அது பங்கசு வகையைச் சேர்ந்தது. மரத்தூள் நிரப்பிய பைக்குள் வெண்ணிற நூல்களாகப் பரந்திருக்கும் பூசணவலைதான் அதன் வளரும் உடல். நாம் பறித்து உண்ணும் குடை போன்ற பகுதி, வித்திகளை உருவாக்கிப் பரப்புவதற்காக வெளியே தோன்றும் உறுப்பு. அதைப் பறித்தவுடன் அது இறந்துவிடுவதில்லை. அதன் கலங்கள் தொடர்ந்து சுவாசிக்கின்றன. ஒட்சிசனை எடுத்து, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. தனக்குள் சேர்த்து வைத்திருந்த உணவையே செலவிட்டு அது உயிர்வாழ்கிறது.

உருளைக்கிழங்கும் பூசணிக்காயும் பறித்த பின் சுவாசிக்கின்றனதாம். ஆனால் அவற்றுக்குத் தடித்த தோல் உண்டு; சுவாசமும் மெதுவானது. காளானுக்கு அத்தகைய தோல் கிடையாது. அதன் நிறையில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர். சுவாசமோ மிக விரைவானது. ஆகவே நீரும் உணவும் நிறைந்த, பாதுகாப்புத் தோலற்ற இந்தப் பொருள், நமது காலநிலையில் வெளியே வைத்தால் ஓரிரு நாட்களில் தளர்ந்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் 1 முதல் 4 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் வைத்தால் சுவாசமும் நொதியங்களின் தொழிற்பாடும் மந்தமாகும். நல்ல நிலையில் வாங்கிய சிப்பிக் காளான் அங்கே ஐந்து நாட்கள் வரை நிற்கும்.

இதை மாணவியர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உலர்ந்த கண்ணாடிப் போத்தலொன்றில் ஒரு பிடி காளானை இட்டு இறுக மூடி மேசையில் வையுங்கள். சில மணித்தியாலங்களில் போத்தலின் உட்சுவரில் நீர்த்துளிகள் படியும். ஒரு சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரையும் உள்ளே வைத்து மூடினால், அது பால்போலக் கலங்குவதைக் காணலாம். காளான் சுவாசிக்கிறது என்பதற்கு இந்த இரண்டுமே சான்றுகள். பரிசோதித்த காளானைச் சமைக்காமல் பசளைக் குழியில் போட்டுவிடுங்கள்.

எப்படி வைப்பது?

போத்தலில் கண்ட நீர்த்துளிகளே நமக்கு வழியைக் காட்டுகின்றன. இறுக மூடினால் ஈரம் தேங்கும். ஈரத்தில் பற்றீரியாக்கள் பெருகும். முற்றாகத் திறந்து வைத்தால் காளான் காய்ந்து சுருங்கும். இரண்டுக்கும் நடுவிலான நிலைதான் காளானுக்கு ஏற்றது: குளிர்ச்சி, வளியோட்டம், உலர்ந்த மேற்பரப்பு.

கடையிலிருந்து கொண்டுவந்தவுடன் பையைத் திறந்து பாருங்கள். நசிந்த, நிறம் மாறிய துண்டுகளைத் தனியே எடுத்துவிடுங்கள். மற்றவற்றைக் கடதாசிப் பையில் இட்டு வாயை மெதுவாக மடித்து, குளிர்சாதனப் பெட்டியின் தட்டில் வையுங்கள். கடதாசிப் பை இல்லையென்றால், ஒரு பாத்திரத்தின் அடியில் சுத்தமான பருத்தித் துணியை விரித்து, காளானைப் பரப்பி, மேலே இன்னொரு துணியால் தளர மூடலாம். துணி ஈரமானால் மாற்ற வேண்டும். பச்சை மீனுக்கும் கோழிக்கும் கீழே வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து வடியும் நீர் காளானில் படும். அவற்றின் வாடையையும் காளான் இழுத்துக்கொள்ளும்.

வைப்பதற்கு முன் கழுவ வேண்டாம். காளானின் செதில்களுக்கிடையே தங்கும் நீரை எளிதில் உலர்த்த முடியாது. சமைக்கும் வேளையில் ஓடும் நீரில் விரைவாகக் கழுவிப் பிழிந்தெடுத்தாற் போதும்.

கடைப் பைகளில் துளைகள் இருப்பது ஏன் என்று சில மாணவியர் கேட்பதுண்டு. ஈரம் வெளியேறுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இறுக மூடிய பைக்குள் காளானே ஒட்சிசனைச் சுவாசித்து முடித்துவிடுகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளரக்கூடிய குளொஸ்திரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணிலிருந்து காளானை அடைந்திருக்கக்கூடும். பிளாஸ்டிக் உறையால் மூடிய புதிய காளானை அறை வெப்பநிலையில் வைத்தால் சில நாட்களிலேயே அந்தப் பற்றீரியா நஞ்சை உருவாக்கக்கூடும் என்பதை 1975 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. பைகளில் துளையிடும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தப் பாடம் இருக்கிறது. ஆகவே துளையுள்ள பையை இன்னொரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு வைப்பது, செய்துவைத்த பாதுகாப்பை நாமே நீக்குவதாகும்.

கண், விரல், மூக்கு

காளானில் தோன்றும் எல்லா மாற்றமும் பழுதல்ல. எது முதுமை, எது பழுது என்று பிரித்தறியத் தெரிந்தால் நல்லதை எறியவும் மாட்டோம். கெட்டதைச் சமைக்கவும் மாட்டோம்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஓரங்கள் சற்றுச் சுருண்டு உலர்ந்திருந்தால் காளான் நீரை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். அது சூப்புக்கும் கறிக்கும் ஆகும். வெட்டிய அல்லது நசிந்த இடம் கபில நிறமாவது, வெட்டிய கத்தரிக்காய் நிறம் மாறுவதைப் போன்றது. தைரோசினேசு போன்ற நொதியங்கள் ஒட்சிசனின் உதவியோடு நிறப்பொருளை உண்டாக்குகின்றன. காளான் உறுதியாகவும் உலர்ந்தும் நல்ல மணத்தோடும் இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். ஆனால் கபில நிறம் திட்டுத்திட்டாகப் பரவி, அவ்விடங்கள் அமிழ்ந்து ஒட்டும் தன்மையோடு இருந்தால் அது பற்றீரியாவின் வேலை.

வெள்ளை நிறம் பலரையும் குழப்புகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த காளான்களில், கீழிருந்ததன் தலையில் மெல்லிய வெண்மாப் போன்ற தூள் படிந்திருந்தால், அது பெரும்பாலும் மேலிருந்த காளான் உதிர்த்த வித்திகள். காம்பின் அடியில் பஞ்சு போன்ற வெண்மை தோன்றினால், அது காளானின் சொந்தப் பூசணவலை மீண்டும் வளர்வதாக இருக்கலாம். உலர்ந்தும் நல்ல மணத்தோடும் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். பச்சை, கறுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் பூஞ்சணம் தோன்றினால் அந்தப் பை முழுவதையும் கைவிட வேண்டும். மென்மையும் ஈரமும் உள்ள உணவில் பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் ஊடுருவியிருக்கும். வெட்டியெறிந்துவிட்டு மீதியை எடுப்பது இங்கே பொருந்தாது.

அடுத்து விரலால் தொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பொருளில் நீர் வியர்ப்பது இயல்பு. உலர்ந்த துணியால் மெதுவாக ஒற்றுங்கள். நீர் மட்டுமே என்றால் மேற்பரப்பு உலர்ந்துவிடும். ஒற்றிய பின்னும் வெண்டிக்காயை வெட்டியதுபோல் வழுவழுப்பாக இருந்தால் அது பற்றீரியாக்கள் பெருகிய படலம். சூடோமோனாசு இனப் பற்றீரியாக்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரக்கூடியவை. வழுவழுப்பைக் கழுவி நீக்கிவிட்டுச் சமைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கழுவினால் படலம் போகும். அது உள்ளே செய்த வேலை போகாது. பையின் அடியில் மஞ்சளான நீர் தேங்கியிருப்பதும், அழுத்தினால் குழி அப்படியே நிற்பதும் இதே வகை அடையாளங்கள்.

மூன்றாவதாக மூக்கு. நல்ல சிப்பிக் காளானுக்கு மழை நனைத்த மரத்தின் மணம் இருக்கும். சிலருக்கு அதில் பெருஞ்சீரகத்தின் சாயல் தெரியும். கெட்ட காளானில் புளித்த வாடை, மீன் வாடை அல்லது அமோனியாவின் நெடி வரும். காளானில் புரதம் இருப்பதால் அது சிதையும்போது இந்த நெடி எழுகிறது. பையைத் திறந்தவுடன் வருவது அடைபட்ட வாடையாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் முகர்ந்து பாருங்கள். அப்போதும் நெடி இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

நாக்கை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். ருசி பார்த்துத் தீர்மானிப்பது ஆபத்தானது.

வேகவைத்தால் ஏன் சரியாகாது?

கொதிக்கும் நீர் பெரும்பாலான பற்றீரியாக்களைக் கொன்றுவிடும் என்று விஞ்ஞானப் பாடத்தில் கற்றிருக்கிறோம். அது உண்மை. ஆனால் பற்றீரியா வேறு. அது உணவில் விட்டுச்சென்ற நஞ்சு வேறு. மனிதரின் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டபிலோகொக்கசு என்னும் பற்றீரியா உணவில் பெருகினால் ஒரு நஞ்சை உருவாக்கும். நீண்ட நேரம் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு எளிதில் அழியாது.

இதற்குக் காளானிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1989 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நான்கு இடங்களில், தகரத்தில் அடைத்து இறக்குமதி செய்யப்பட்ட காளானை உண்ட நூறு பேரளவானோர் வாந்தி, வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். காரணம் அந்த ஸ்டபிலோகொக்கசு நஞ்சுதான். தகரத்தில் அடைக்கப்படும் காளான் சாதாரணச் சட்டியில் எட்ட முடியாத உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தப்படுகிறது. அத்தகைய வெப்பத்தைக் கடந்தும் அந்த நஞ்சு எஞ்சியிருந்தது. அப்படியிருக்க, நமது சட்டியில் பத்து நிமிடம் கொதிப்பதால் என்ன ஆகும் என்பதைச் சிந்தியுங்கள்.

சமைத்த காளானுக்கும் இதே விதிதான். நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் சமைத்து, மஃரிபுக்கு உண்டு, மிஞ்சியதைச் சஹருக்கு எடுத்துவைப்பது நமது வீடுகளில் வழக்கம். சமைத்த நேரத்திலிருந்து சஹர் வரை பத்து மணித்தியாலங்களுக்கு மேல் கடந்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் சட்டி அடுப்படியிலேயே இருந்தால், சஹருக்குச் சூடாக்குவது நம்பத்தகுந்த பாதுகாப்பு ஆகாது. சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். எடுத்தபின் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். இரண்டு நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். காளான் கறியைச் சூடாக்கவே கூடாது என்று மூத்தோர் சிலர் கூறுவர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துக்கு அது அறிவுள்ள எச்சரிக்கைதான். உடனே குளிரவைத்த கறிக்கு அந்தத் தடை தேவையில்லை.

மின்தடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் நமது நாட்டில் சில நாட்களில் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றதை மாணவியர் மறந்திருக்க மாட்டீர்கள். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய நான்கு மணித்தியாலங்கள் குளிர்ச்சியைத் தாங்கும். அதற்குமேல் மின்தடை நீடித்தால் சமைத்த காளானைக் கைவிடுவதே நல்லது.

மிஞ்சியதும் மிஞ்சப்போவதும்

"இத்தனை கவனமாக எறிந்தால் வீண்விரயம் ஆகாதா?" என்று தாய்மார் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இதே கேள்வியை இன்னும் கனமான ஒரு வடிவில் கேட்டாள். அவளுடைய உம்மா வீட்டின் பின்புறத்தில் கொட்டிலொன்று அமைத்துக் காளான் வளர்க்கிறார். அதிகாலையில் பறித்து, பையிலிட்டு, அருகிலுள்ள கடைகளுக்குக் கொடுப்பார். விலைபோகாத பைகள் மறுநாள் மாலை திரும்பி வரும். அவற்றை வீட்டில் சமைப்பார்கள். "எறிந்தால் உம்மாவின் பாடு வீணாகிறது. சாப்பிட்டால் தம்பிமாருக்கு வயிறு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது, டீச்சர்?"

நான் அவளிடம் இரண்டு விடயங்களைக் கூறினேன். முதலாவது, திரும்பி வந்த பையைக் கண், விரல், மூக்கு மூன்றாலும் சோதித்து, மூன்றிலும் தேறினால் மட்டும் அன்றிரவே சமைக்கலாம். தேறாததை வீட்டாருக்கும் கொடுக்கக் கூடாது. வாங்குபவரின் வயிறும் தம்பிமாரின் வயிறும் ஒன்றுதான். இரண்டாவது, மிஞ்சிய பின் யோசிப்பதைவிட மிஞ்சப்போவதை முன்கூட்டியே கணக்கிடுவது. எந்தக் கிழமையில் எத்தனை பைகள் திரும்புகின்றன என்று ஒரு கொப்பியில் குறித்துவந்தால், அந்த அளவைப் பறித்த அன்றே கடைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக இருக்கும்போதே உலர்த்தலாம். உலர்த்துவதும் உறையவைப்பதும் காளானை அது இருக்கும் நிலையில் நிறுத்திவைக்கும் வழிகள். தளர்ந்த காளானை உலர்த்தினால் தளர்ந்த காளானே உலர்ந்து கிடைக்கும். சில வாரங்களின் பின், "ரெண்டு பை குறைவாகத்தான் கடைக்குப் போகிறது, டீச்சர். மற்றது சுளகில் காய்கிறது" என்று அவள் வந்து சொன்னாள்.

உலர்த்தும் முறை எளிது. கழுவாமல், அழுக்கை மட்டும் துடைத்து, விரலளவு கீற்றுகளாகக் கிழித்து, சுளகில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மெல்லிய துணியால் மூடி நல்ல வெயிலில் வையுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். வளைத்தால் வளையாமல் பப்படம் போல் முறிய வேண்டும், அதுவே பதம். ஒரு கிலோவிலிருந்து ஏறக்குறைய 100 கிராம்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் வெயிலை நம்பினால் பாதி காய்ந்த நிலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்போது ஓவனை 50 முதல் 60 பாகை வரை வைத்து, கதவைச் சற்றுத் திறந்து உலர்த்தலாம். உலர்ந்ததை உலர்ந்த போத்தலில் வளி புகாமல் மூட வேண்டும். புதிய காளானுக்குத் தீங்கு செய்யும் இறுக்கமான மூடி, சுவாசம் நின்ற உலர்ந்த காளானுக்குப் பாதுகாப்பாகிறது. சமைக்குமுன் அரை மணித்தியாலம் சுடுநீரில் ஊறவைத்தாற் போதும்.

பிரீசரில் வைப்பதானால், கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டெடுத்து, குளிர்நீரில் ஆற்றி, நன்றாக வடித்து, ஒரு வேளைக்குரிய அளவுகளாகப் பிரித்து வையுங்கள். கொதிநீர் நொதியங்களை நிறுத்துகிறது. பச்சையாக உறையவைத்த காளான் உருகும்போது கூழாகிவிடும். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

மேலே கூறிய சோதனைகள் யாவும் வளர்த்து விற்கப்படும் காளானுக்கு உரியவை. மழைக்குப் பின் தோட்டத்திலும் புற்றிலும் முளைக்கும் காளான் உண்ணத்தக்கதா என்பதை இவற்றால் அறிய முடியாது. நச்சுக் காளானும் புதிதாக இருக்கும்போது உறுதியாகவும் நல்ல மணத்தோடும் இருக்கும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, வெங்காயம் நிறம் மாறுகிறதா, எறும்பு தின்கிறதா என்று பார்ப்பதும் பயனற்றது. ஈரலை அழிக்கும் அமாற்றொக்சின் போன்ற நஞ்சுகள் சமைப்பதால் அழிவதில்லை. இனங்காணத் தெரியாத காளானைத் தொடாதிருப்பதே வழி. எந்தக் காளானை உண்டபின்னும் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, பார்வை மங்குதல் ஏற்பட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உண்டதில் மீதி இருந்தால் அதையும் கொண்டுசெல்லுங்கள்.

சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்க

1. வாங்கிய திகதியைப் பையில் எழுதுக.
2. கழுவாமல், கடதாசிப் பையில், குளிர்சாதனப் பெட்டியின் தட்டில் வைக்க.
3. இறுக மூடாதே, துளைகளை அடைக்காதே.
4. ஓரம் காய்ந்தது, சிறிது கபில நிறமானது: இன்றே சமைக்க.
5. வழுவழுப்பு, நிறப் பூஞ்சணம், புளிப்பு அல்லது அமோனியா நெடி: முழுவதையும் கைவிடுக.
6. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரவைக்க.
7. மிஞ்சும் என்று தெரிந்தால் முதல் நாளே உலர்த்துக.

கைவிட்ட காளானைக் குப்பை வண்டிக்குக் கொடுக்கவும் தேவையில்லை. காய்ந்த இலைகளோடு கலந்து பசளைக் குழியில் இட்டால் சில மாதங்களில் அது மண்ணாகும். அடுத்த மிளகாய்க் கன்றுக்கு அது உதவும்.